திரும்பச் சொல்லுங்க

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் விரிப்பு வெளுத்தவளுக்கு, ஒரு விரிப்பைப் பார்த்தாலே அதில் படுத்திருந்தவரின் கதி தெரிந்துவிடும். எது காபி, எது மருந்து, எது புண் கசிந்த கறை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். கறார் அக்கா என்றுதான் அங்கே அவளுக்குப் பெயர். டாக்டரே வந்து கெஞ்சினாலும் ஈரத் தலையணை உறை ஒன்றைக்கூட வார்டுக்கு விடமாட்டாள்.

அந்தக் கறாருக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, தன் தெருவில் ஒரு வீட்டுக் கொடியில் விரிப்பு தொங்குவதைப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே வரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வட்டம். படுக்கைப் புண். அதுவும் நேற்று இன்று வந்ததில்லை.

அது அவள் ஓரகத்தி வீடு. கணவனுடைய அண்ணன் மனைவி. பன்னிரண்டு வருடமாய் முகத்தில் விழிப்பதில்லை. சில்லறைச் சண்டை என்று நினைக்காதீர்கள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த இவள் கணவன், ஊரின் மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் உயிரோடு கிடந்தான். இவள் பெயரைச் சொல்லிச் சொல்லியே கேட்டான். இவள் வீட்டில் ஃபோன் இல்லாததால் வேலையிடத்தில் கொடுத்திருந்தது ஓரகத்தி வீட்டு ஃபோன் நம்பர். அன்று இவள் எட்டு வீடு தள்ளி, தன் வீட்டில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். யாரோ வந்து சொல்லிப் போய்ச் சேர்ந்தபோது அவன் முகத்தை மூடியிருந்தார்கள். மேஸ்திரி ஃபோன் பண்ணினேன் என்றார். வரவே இல்லை என்று ஓரகத்தி வேதப் புத்தகத்தில் கையை வைத்துச் சொன்னாள். அன்றோடு 'அக்கா' என்று கூப்பிட்ட வாய் மூடியது.

இப்போது அந்த ஓரகத்திக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று சபைக்கே தெரியும். மூன்று மாதமாய் எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: "ஜெபத்துல வெச்சிருக்கோம்." போன ஞாயிறுகூடப் போதகர் பகைவரை நேசிப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். கூரை அதிர ஆமென் சொன்னார்கள். கறார் அக்காவும் சொன்னாள். அந்த ஆமென்தான் இப்போது தொண்டையில் முள்ளாய்க் குத்தியது.

"ஊர்ல உமக்கு வேற ஆளே கிடைக்கலையா ஆண்டவரே?" என்று நடுத்தெருவில் நின்றே கேட்டாள். "சரி, நீர் சொன்னதுக்காகப் போறேன். சிரிச்ச முகமா போவேன்னு மட்டும் எதிர்பார்க்காதேயும்."

கதவைத் திறந்த கணவனின் அண்ணன் திகைத்துப் போனார். "வாம்மா..."

"உபசாரம் எல்லாம் வேண்டாம் மாமா. வெந்நீர் வைங்க."

ஓரகத்தி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவளும் அவளோடு பேசவில்லை. "மாமா, திரும்பச் சொல்லுங்க" என்பாள். இரண்டடி தள்ளிப் படுத்திருப்பவளிடம் அவர் குனிந்து, "திரும்பணுமாம்" என்பார். இப்படி ஒரு கூத்து! ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் கொடுத்துத் தன் பக்கமாய் ஒருக்களித்துப் பிடிப்பாள். பழைய விரிப்பை முதுகு வரை சுருட்டி, அதை ஒட்டிப் புதியதைப் பரப்பி, புண்ணைக் கழுவிக் கட்டி, ஆளை அந்தப் பக்கம் புரட்டி இழுத்தால் ஒரு சுருக்கம் இருக்காது. அழுக்கு விரிப்பை வீட்டுக்கு எடுத்துப்போய் வெளுத்துக் கொண்டுவருவாள். தினமும் ஆறு மணிக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு.

இரண்டு மாதத்தில் புண் விரல்நகம் அளவுக்குச் சுருங்கியது. மாதர் சங்கத் தலைவி பழப்பையோடு வந்து உருகினாள். "எப்பேர்ப்பட்ட மன்னிப்பு! ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து சாட்சி சொல்லணும் நீ."

"மன்னிச்சேன்னு யாரு சொன்னா? இந்தாங்க, அந்தக் காலைப் பிடிங்க, புரட்டணும்."

"ஐயோ, எனக்கு இடுப்பு வலி."

"அப்போ ஜெபத்துலயே வெச்சுக்குங்க. படுக்கையில வெச்சிருக்கறதை நான் பாத்துக்கறேன்."

மறுநாள்தான் அது நடந்தது. மாமா வெந்நீருக்குப் போயிருந்தார். ஒருக்களித்துப் பிடித்திருந்தவள் கையில் ஓரகத்தியின் முழுப் பாரமும் இருந்தது. கோணிய வாயிலிருந்து சொல் வந்தது.

"தங்கச்சி... ஃபோன் வந்துச்சு. கால்ல அடின்னு நெனச்சேன். அந்த வாரம் நமக்குள்ள ஏதோ சின்னச் சண்டை. நீயா வந்து பேசட்டும்னு... இருந்துட்டேன்."

கறார் அக்காவுக்குக் கண் இருண்டது. நாலு மணி நேரம்! பாவி, எட்டு வீடு தாண்டி வர உனக்குக் கால் இல்லையா? கையை எடுத்தால் போதும், ஆறுகிற புண் மேலேயே மல்லாக்க விழுவாள். எடுக்கத்தான் நினைத்தாள். சத்தியமாய் நினைத்தாள். விரல்கள் விடவில்லை. விரிப்பை இழுத்து, நாலு மூலையும் செருகி, அழுக்கு விரிப்பை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வீட்டில் அந்த விரிப்பைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். "இதைக் கேக்கத்தான் அனுப்பினீரா? நாளைக்குப் போகமாட்டேன். என்ன பண்ணுவீரோ பண்ணும்!" அடித்து அடித்து விரிப்பு கிழிந்தது. உட்கார்ந்து அழுதாள். பிறகு மடித்துத் தைத்தாள். தையல் மேடு புண்ணில் உறுத்தாதபடி, அது கால்மாட்டுப் பக்கம் வருமாறு மடித்து வைத்தாள்.

மறுநாள் ஆறு மணி. இனி வரமாட்டாள் என்று மாமா அடுப்பே பற்றவைக்கவில்லை. கதவு படாரென்று திறந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், "நீங்க போய் வெந்நீர் வைங்க" என்று விரட்டினாள். கட்டிலருகே போய் நின்றாள். ஓரகத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"கோபம் அப்படியேதான் இருக்கு. சாகறவரைக்கும் போகுமான்னும் தெரியலை" என்றாள். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை கொடுத்தாள்.

"திரும்புக்கா."