பொங்கல் சீரில் வந்த ரேம்

எங்கள் பக்கம் பொங்கல் சீர் என்றால் புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, பூசணி, ஒரு புடவை. அப்பா இருந்தவரை இதில் ஒன்றும் குறைந்ததில்லை, கூடியதுமில்லை. அப்பா போய் வருஷம் திரும்பியபின் தம்பி முதல் முறையாகத் தானே சீர் கொண்டுவந்தான். அந்தத் தட்டில் இவற்றோடு கம்ப்யூட்டருக்குப் போடுகிற ரேம் என்ற மெமரித் தகடு ஒன்றும் இருந்தது.

நானும் கணவரும் கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். அவர் கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுப்பார். நான் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஆல்பம் டிசைன் செய்வேன். கார்த்திகை மாசம் போனில் தம்பியிடம், ஒரு பக்கம் திறப்பதற்குள் காப்பியே குடித்து முடித்துவிடுகிறேன், ரேம் பத்தவில்லை என்று புலம்பியிருந்தேன். சின்னசேலத்திலிருந்து மலைமேல் இருக்கிற கரியாலூருக்கு மினி லாரி ஓட்டிப்போய் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வருகிறவன் அவன். ரேம் என்றால் கறுப்பா சிவப்பா என்று தெரியாது. என் கணவரிடம் மாடலை மட்டும் கேட்டுக்கொண்டு, சேலத்துக்கு லோடு போன அன்று கடையில் ஏறி, அக்காவுக்குச் சீர் வைக்கணும், இருக்கிறதிலேயே நல்லதாகக் கொடுங்கள் என்று வாங்கியிருக்கிறான்.

என் அம்மா சீர்த்தட்டில் எதையும் பொட்டில்லாமல் வைக்கமாட்டாள். பூசணிக்கு ஒன்று, பானைக்கு ஒன்று. ரேமையும் உறையிலிருந்து எடுத்து, அதில் ஒட்டியிருந்த லேபிளின் மேல் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, வெற்றிலையில் கிடத்தியிருந்தாள். என் மாமியார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னா சீப்பா? பல்லு இவ்ளோ குட்டையா கீது" என்றார். கூடியிருந்த சொந்தமெல்லாம் சிரித்தது. தம்பியும் சிரித்தான், ஆனால் அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

காணும் பொங்கல் கழிந்ததும் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் வந்தார். பழையதைக் கழற்றிவிட்டுச் சீர் ரேமைப் பொருத்தினார். லேபிளில் சந்தனத்துக்கு வெளியே 3200 என்ற வேகம் மட்டும் தெரிந்தது. கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கிற பயாஸ் அமைப்பில் நுழைந்து, அந்த எண்ணை வைத்துவிட்டுக் கிளம்பினார். அரை மணி நேரம் கம்ப்யூட்டர் பறந்தது. அப்புறம் ஒரு மாப்பிள்ளையின் முகத்துக்குக் குறுக்கே பச்சைப் பட்டை ஓடியது. நான் கண்ணைக் கசக்குவதற்குள் திரை நீலமாகி நின்றுவிட்டது.

மறுபடி வந்தவர் மெமரி டெஸ்ட் போட்டார். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ரேம் பழுது, தூக்கிப் போட்டுடுங்க என்றார். என் கணவருக்குக் கிண்டலுக்கு ஒரு பொருள் கிடைத்தது. சீர் வந்து வேலையை நிறுத்திய வீடு நம்ம வீடுதான் என்றார். நான் பிடித்துக்கொண்டேன். உங்கள் தங்கைக்கு நீங்கள் எடுத்த புடவை இரண்டாம் துவைப்பில் பாதியானதே, அதை யாராவது தூக்கிப் போட்டார்களா என்று ஆரம்பித்து அன்று சாயங்காலம் வரை ஓயவில்லை. சரிம்மா, பில்லைக் கேட்டு வாங்கு, மாற்றிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். அதுவும் முடியாது என்றேன். பில் கேட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். யோசித்து யோசித்து அவன் கொண்டுவந்த முதல் சீர் அது. வீணாய்ப் போனது என்று தெரிந்தால், இனி ஆயுசுக்கும் பூசணியோடு நிறுத்திக்கொள்வான்.

வாரம் தவறாமல் போன் வரும். அது எப்டி ஓடுது என்பான். ஜம்முன்னு ஓடுது என்பேன்.

பழைய ரேமைப் போட்டு வேலையைப் பார்த்தேன். மத்தியானம் வீடு தூங்குகிற நேரத்தில் சீர் ரேமைப் போட்டு டெஸ்ட் ஓட்டுவேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. மூன்றாவது வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு கிரைண்டர் உறுமியது. கல் சுற்றவில்லை, உறுமல் மட்டும். கரண்டு கம்மி என்று அந்த வீட்டுக்காரி சத்தம் போட்டாள். எங்கள் கிணற்று மோட்டாரும் அப்படித்தான் உறுமும், தண்ணீர் ஏறாது, அதற்காக யாரும் மோட்டாரைத் தூக்கிப் போட்டதில்லை. பயாஸைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ரேமுக்குப் போகிற வோல்டேஜ் 1.20, தானியங்கி என்று இருந்தது. வேகத்தைக் கூட்டியவர் அதைத் தொடவே இல்லை.

சரி, இதற்கு எவ்வளவு வேண்டும்? கம்ப்யூட்டரை அணைத்து ரேமைக் கழற்றினேன். லேபிளில் வோல்டேஜ் போட்டிருக்கும் இடத்தில்தான் அம்மாவின் சந்தனம் காய்ந்து கிடந்தது. சீரில் வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்? சர்வீஸ்காரரும் துடைக்கவில்லை, என் கணவரும் துடைக்கவில்லை, எனக்கும் கை வரவில்லை. மனசுக்குள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகத்தால் ஓரமாகச் சுரண்டினேன். 1.35 என்று வந்தது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒரேயடியாகக் கூட்டப் பயம். 1.25 வைத்தேன், சிவப்பு குறைந்தது. 1.30, நாலே வரி. 1.35 வைத்துவிட்டு, புகை வருகிறதா என்று மூக்கால் வேறு பார்த்துக்கொண்டேன். டெஸ்ட் முழுசாக ஓடி முடிந்தது. ஒரு சிவப்பு இல்லை. கணவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அழைத்துவந்து காட்டினேன். அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, உங்க வூட்டுச் சீரு நல்ல சீருதான் என்றார். அவ்வளவு சந்தோஷம் எனக்குப் பல நாளாக வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மலையில் முந்திப் பழுத்த பலாப்பழம் ஒன்றைத் தோளில் தூக்கி வந்திருந்தான். என் மாமியார் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தான். அதே மாதிரி இன்னொரு ரேம்.

"வாங்கி ரெண்டு வாரமா வண்டியிலயே வச்சிக்கினு சுத்தறேன்" என்றான். "நீதான் ஓடுது, ஓடுதுன்னு சொல்லிக்கினே இருந்த. எப்டிக் குடுக்கறது?"

"உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நல்லா இருந்தா நீ அதுலயும் ஒரு குறை சொல்லியிருப்பியே."

இப்போது நிஜமாகவே ஓடுகிறது என்றேன். தலையை ஆட்டினான், நம்பவில்லை. சத்தியம் செய்தேன், அதற்கும் தலையை ஆட்டினான். வேறு வழியில்லாமல் டெஸ்டைப் போட்டு, நாற்காலியை இழுத்து அவனை உட்கார வைத்தேன். சிவப்பு வந்தால் பழுது என்று மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆனது. மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார், முடியட்டுங்க என்றான். இன்னொரு மணி நேரமும் ஆனது. லாரியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பதுபோல அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிழை பூஜ்யம் என்று வந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ இது?" என்று பெட்டியைக் காட்டினான்.

கம்ப்யூட்டரை அணைத்து மூடியைக் கழற்றினேன். "பக்கத்துல ஒரு இடம் காலியாதான் கீது. நீயே போடு."

கையை லுங்கியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் மூச்சைப் பிடித்து அமுக்கினான்.