பட்டன் அக்கா வெட்டிய முதல் கோட்டு

எங்கள் லோக்கல் ரயிலுக்குக் கால அட்டவணை உண்டு. ரயிலுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த ரயிலின் நடுப்பெட்டியில் தினமும் வருபவர் பட்டன் அக்கா. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு தையல் கடையில் வேலை. யாரோ வெட்டித் தைத்த கோட்டுகளுக்குக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதுமாகவே பல வருஷம் ஓடிவிட்டது. துணி வெட்டும் மேஜை கடை மாஸ்டரின் சிம்மாசனம். கத்திரிக்கோலைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்காத குறைதான்.

அக்கா நச்சரித்த நச்சரிப்பில், மாஸ்டர் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் துணியை மனமில்லாமல் அவரிடம் தள்ளினார்.

"வெட்டு. ஆனா தோள் உட்காரணும். உட்காரலேன்னா ஆயுசுக்கும் பட்டன்தான், சொல்லிட்டேன்."

அக்கா வெட்டினார், தைத்தார். கோட்டின் உள்பக்கத் துணியைக் கையால் தைத்து முடிக்க வீட்டுக்கு எடுத்துப் போனார். காலையில் இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டியபோதுதான் கணவர் வாயைத் திறந்தார்.

"அந்த ரயில்ல உன்னையே நாலா மடிச்சுத்தான் இறக்கி விடறாங்க. கோட்டு எம்மாத்திரம்?"

"என்னை மடிக்கட்டும். இதைத் தொடட்டும், பார்க்கலாம்."

முந்தைய ரயில் வரவே இல்லை. எனவே இரண்டு ரயில் கூட்டம் ஒரே ரயிலில். ஹேங்கரைத் தலைக்கு மேல் தூக்கியபடி அக்கா ஏறினார். ஏறினார் என்பது மரியாதைக்குச் சொல்வது, பின்னாலிருந்தவர்கள் ஏற்றினார்கள்.

நடுவழியில் ரயில் நின்றது. அது நின்றால் ஏன் என்று கேட்பவர் ஊருக்குப் புதியவர். அக்கா ஹேங்கரைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார்.

அந்தப் பெட்டிக்கென்று ஒரு சட்டம் உண்டு. இறங்கப் போகிறவரின் பை முதலில் தலைகளுக்கு மேலே கைமாறிக் கதவுக்குப் போகும். ஆள் பின்னால் பிதுங்கி வருவார். பை ஒருநாளும் தொலைந்ததில்லை. ஆள்தான் அவ்வப்போது தொலைவார்.

கதவருகே நின்ற பேங்க்காரர் குரல் கொடுத்தார். "அக்கா, கோட்டை விடுங்க. நான் வாங்கிக்கறேன்."

"கசங்கக் கூடாது சார். கல்யாணக் கோட்டு, நான் வெட்டினது."

பெட்டி நிமிர்ந்தது.

"அக்காவே வெட்டினதாம்டா!"

"யோவ், பஜ்ஜி தின்ன கையா? தள்ளிப் போ!"

"மாப்பிள்ளை வர்றார், வழி விடுங்கப்பா!"

மனிதருக்கு ஓர் அங்குலம் தராத பெட்டி, கோட்டுக்கு ராஜபாட்டை போட்டது. ஸ்டேஷன் வந்தது. கோட்டு இறங்கிவிட்டது. அக்காவால்தான் முடியவில்லை. உள்ளே பாய்ந்த கூட்டம் அவரை எதிர்க்கதவு வரை கொண்டு சேர்த்தது. வருவதற்கு அவ்வளவு யோசிக்கும் ரயில், கிளம்புவதற்கு யோசிக்கவே இல்லை.

"எதிர்க் கடை சார்!" என்று கத்தினார். யார் காதில் விழுந்ததோ.

கோட்டோடு இறங்கிய பேங்க்காரர் பிளாட்பாரத்தைப் பார்த்தார். அரைத்த மாவாகக் கூட்டம். கையில் பிடித்தால் கோட்டு பிழைக்காது என்று எடுத்துத் தானே போட்டுக்கொண்டார். முழங்கைகளை அகட்டி, சண்டைக்குப் போகும் வாத்து மாதிரி நடந்து, கடைக்குள் நுழைந்தார்.

அக்கா அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தபோது ஒரு காலில் செருப்பில்லை. ஜாக்கெட் கை கிழிந்திருந்தது. கடைக்குள், போட்டுப் பார்க்க வந்த மாப்பிள்ளை கோட்டோடு கண்ணாடி முன் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மாஸ்டர், மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, தோளிலும் முதுகிலும் ஒரு சுருக்கமாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

"இது அந்த ரயில்லயா வந்தது?"

"பெட்டியே சேர்ந்து தூக்கிட்டு வந்தோம் சார்" என்றார், ஆபீஸுக்கு நேரமாகியும் போகாமல் நின்ற பேங்க்காரர்.

மாப்பிள்ளை கையை உயர்த்தினார், இறக்கினார். கோட்டின் தோள் அசையவில்லை. "கழட்டணுமா?" என்று வருத்தமாகக் கேட்டார்.

மாஸ்டருக்குப் பாராட்டத் தெரியாது, வாழ்நாளில் பழகியதில்லை. கத்திரிக்கோலை எடுத்து அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

"அடுத்த துணி மேஜைல இருக்கு."

அக்கா ஒற்றைச் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். "அப்போ பட்டன் யார் வைக்கறது மாஸ்டர்?"

"நான் வெச்சுத் தொலைக்கறேன், போ."