நிற்கவைத்த பாடம்

மாலை வகுப்பில் அவளுக்கு 'எதை டீச்சர்' என்று பெயர். வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித் தந்தாள். ஒரு வினைச்சொல்லைச் சொல்லி சாக்பீஸை உயர்த்தினால், வகுப்பே "எதை? யாரை?" என்று கத்த வேண்டும். 'ஓப்பன்' - எதை? கதவை. பதில் கிடைத்தால் டிரான்சிடிவ். 'ஸ்லீப்' - எதை? பதிலே வராது. அது இன்டிரான்சிடிவ். தப்பாகச் சொன்னவர் சரியாகச் சொல்லும்வரை நிற்க வேண்டும்.

அந்த வகுப்பில் ஒருநாள் அவள் கணவனும் சேர்ந்தான். பஸ் கண்டக்டர். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆக ஒரு நேர்காணல், அதுவும் ஆங்கிலத்தில்.

"வீட்லயும் டீச்சர், இங்கயும் டீச்சர். மாட்டினாருய்யா!" என்றார் பக்கத்து பெஞ்சுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான்.

புருஷனுக்குச் சலுகை என்று ஒரு வாய்கூடப் பேசிவிடக் கூடாதே! அந்தப் பயத்தில் அவனிடம் மட்டும் இரட்டிப்புக் கண்டிப்பு காட்டினாள், பாவி மகள்.

"'அரைவ்' வெச்சு ஒரு வாக்கியம்."

"தி பஸ் அரைவ்ட் தி ஸ்டாண்ட், டீச்சர்."

"அரைவ்ட் - எதை?"

"ஸ்டாண்டை..."

"இன்டிரான்சிடிவ்ங்க அது! நேரா பொருளை ஒட்டவைக்கக் கூடாது, நடுவுல 'அட்' வரணும்னு எத்தனை தடவை சொல்றது? பஸ்லயே குடியிருக்கீங்க, பஸ் வர்றதைச் சொல்லத் தெரியலையா?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. விடை நாக்கு நுனிவரை வந்தும் வாய் திறக்கவில்லை. காலையிலிருந்து பஸ்ஸில் நின்ற கால்கள், மணி அடிக்கும்வரை அங்கேயும் நின்றன. உட்காருங்கள் என்ற ஒற்றைச் சொல் அவள் தொண்டைவரை வந்தது, ஐயோ, வெளியே வரவில்லையே!

நேர்காணல் அன்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். அவன் காக்கியை மாட்டிக்கொண்டு வந்தான்.

"என்னங்க இது? இன்டர்வியூ?"

"டூட்டிக்குப் போறேன்."

"உங்க நல்லதுக்குத்தானே கண்டிச்சேன்?"

"தெரியும்மா. உன்னைக் குத்தம் சொல்லலை. நாலு பேர் எதிர்ல இங்கிலீஷ்ல வாயைத் திறந்தாலே அந்தச் சிரிப்புதான் கேக்குது."

வகுப்பில் நிற்கவைக்கும் வழக்கத்தை அன்றே விட்டாள். யாருக்கு என்ன லாபம்? தலைக்கு மேல் போன வெள்ளத்துக்கு இப்போது அணை கட்டி என்ன?

அவன் இன்றும் கண்டக்டர்தான். மனைவியிடம் முகம் சுளித்ததில்லை. குழம்புக்கு உப்பு குறைந்தால்கூடச் சிரித்தபடிதான் சொல்வான். போன வாரம் புது குக்கர் வாங்கி வந்தான். உள்ளே ஆங்கிலத்தில் விளக்கத் தாள். ஆசையோடு அவள் கை நீட்டினாள்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு, கீழ்வீட்டுத் தையல்காரரிடம் அர்த்தம் கேட்கப் படியிறங்கிப் போனான்.