கோடு விழாத ஒரு பஸ் ஸ்டாப்

டீசல் நெடி. பஸ் கண்டக்டர்களின் டிரிப் ஷீட் கட்டைப் பிரித்ததும் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான்... அப்புறம் கார்பன் பேப்பரின் நீலம் விரலெல்லாம் ஒட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் புள்ளியியல் ஆராய்ச்சி மாணவி நான். கம்பம் பள்ளத்தாக்கில் சனங்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதுதான் தலைப்பு. எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்று கண்டக்டர்கள் எழுதிய ஷீட்டுகளைப் பார்த்து, கிராஃப் தாளில் ஊருக்கு ஊர் கோடு போடுவேன். கூட்டம் அதிகமென்றால் கோடு தடிமனாகும். கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. பென்சில், ரப்பர், நான்.

சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டி போகிற வழியில் ஒரு ஸ்டாப்புக்கு மட்டும் கோடே விழவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர்தான். 'இந்த ஸ்டாப் தேவையில்லை' என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். பஸ் ஆபீஸிலும் எதை எடுக்கலாம் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று, ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அங்கே போய் நின்றேன்.

முப்பது பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் திராட்சைத் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பஸ் வந்தது. படிக்கட்டு வரை ஆள்... நிற்காமலே போய்விட்டது. யாரும் கத்தவில்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

என் வயதுதான் இருக்கும், நிறைமாசக்காரி ஒருத்தி என் நோட்டை எட்டிப் பார்த்தாள். பேச்சியம்மா என்று பேர்.

"என்னக்கா எழுதுறீக?"

"பஸ்ல ஏறுற ஆளுகள எண்ணுறேன்."

"கண்டக்டரண்ணே தெனமும் விசில அடிச்சிட்டுப் போயிருவாக. நிக்காத பஸ்ல எப்பிடிக்கா ஏற? அப்ப நாங்க ஆளே இல்லையா?"

நோட்டை மூடிவிட்டு அவர்களோடு நாலு மைல் நடந்தேன். பேச்சியம்மா இரண்டு இடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மதுரையில் என் கைடு ஒத்துக்கொள்ளவில்லை. "ஷீட்ல இல்லாதது டேட்டா இல்லம்மா. தீசிஸ் ஆறு மாசம் தள்ளிப்போயிடும்," என்றார்.

தள்ளிப்போனது. பதினைந்து நாள் அந்த ரோட்டோரம் நின்று, நடக்கிறவர்களை எண்ணினேன். அறிக்கையைத் திருத்தினேன்.

ஸ்டாப் தப்பித்தது. சில மாதங்களில் காலையில் கூடுதலாக ஒரு பஸ்ஸும் விட்டார்கள். அது ஓட ஆரம்பித்த வாரம் போய்ப் பார்த்தேன். எல்லோரும் ஏறினார்கள். பேச்சியம்மாவை மட்டும் காணோம்.

"பேச்சியா? பிள்ள பெறந்து ரெண்டாம் மாசமே புருசனோட ஏலக்காத் தோட்டத்துக்கு ஜீப்பு ஏறிட்டாளேக்கா," என்றாள் ஒருத்தி.

"எந்த எஸ்டேட்?"

"மலைக்கு மேலன்னு தெரியும். எங்கனன்னு யாருக்குத் தெரியும்?"

என் கிராஃப் தாளில் மலை இல்லை.

இப்போது என் மாணவர்கள் லட்சக்கணக்கான செல்போன்கள் நகர்வதை ஒரே மத்தியானத்தில் அலசிவிடுகிறார்கள். கோடுகள் தானாக விழுகின்றன. ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ஒரு மாணவன் ஒரு ரோட்டை 'நடமாட்டம் இல்லை' என்று வரைபடத்திலிருந்து நீக்கியிருந்தான். நேரில் போய்ப் பார்த்தாயா என்றேன்.

"சாட்டிலைட் படத்துலயே பார்த்துட்டேன் மேடம். ஈ காக்கா இல்ல."

எத்தனை மணிக்கு எடுத்த படம் என்று கேட்டேன்.

அவனுக்குத் தெரியவில்லை.