மோராகிப் போன தேத்தண்ணி

ஜொகூர் பாருவில் என் பேத்தி குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு கடை. அங்கே கொம்புச்சா என்று புளிக்கவைத்த தேநீர் ஒன்றை இஞ்சி, லிச்சி, ரோஜா என விதவிதமாக வாசம் சேர்த்து விற்கிறார்கள். வயிற்றுக்கு நல்லதாம். தொண்ணூறைத் தாண்டிய எனக்கும் பேத்தி ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். மோசமில்லை. ஆனால் உப்பும் பச்சை மிளகாயும் இல்லாமல் அதை எப்படிக் குடிக்கிறார்கள் என்றுதான் புரியவில்லை.

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் நாங்கள் அதை அப்படித்தான் குடித்தோம். லாபிசுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார துரை தேயிலைப் பெட்டிகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். நான் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. ஆங்கிலப் படிப்புக்கு மதிப்புப் போனதும் ஜப்பானிய வகுப்பில் சேர்ந்து அதையும் படித்துக்கொண்டேன். யார் ஆண்டாலும் அவன் மொழியில் 'ஆமாம் ஐயா' என்று சொல்லத் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது என் அன்றைய வேதாந்தம். தோட்டத்தில் வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது.

என் தங்கையின் கணவன் தோட்டத்து லாரி ஓட்டியவன். ராணுவம் லாரியை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிட்டது. எனக்குச் சம வயது. ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். மீதி நேரமெல்லாம் ஏசிக்கொள்வோம். ஒருநாள் மரவள்ளிக் கிழங்கை விற்கச் சீனர் கடைக்குப் போனவன், வாழை இலையில் எதையோ பொதிந்து கொண்டுவந்தான். வேகாத தோசையை மழையில் போட்டதுபோல் வழவழவென்று இருந்தது.

"இது என்னா கண்றாவி மச்சான்?"

"புள்ள."

"எதோட புள்ள?"

"தேத்தண்ணியோட புள்ள லா. சீனி போட்ட தேத்தண்ணில ஊறப் போட்டா, கொஞ்ச நாள்ல மேல இன்னொன்னு போடுமாம். கடைத் தவுக்கே, அந்தச் சீன மொதலாளியே சொன்னாரு."

"அப்பன் யாரு?"

"உன் மூஞ்சியும் அது மூஞ்சியும் ஒரே மாதிரிதான் இருக்கு."

துரையின் தேயிலை, கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரர்களிடம் வாங்கிய வெல்லம், தங்கையின் ஊறுகாய் ஜாடி. மச்சான் அதை வளர்க்கத் தொடங்கினான். தேயிலையை மிச்சம் பிடிப்பதற்காகக் கொய்யா இலையில் ஒருமுறை போட்டுப் பார்த்தான். நனைந்த காலுறை வாசம் வந்தது. இன்னொரு முறை வறுத்த மரவள்ளித் தோலில் போட்டு, பாட்டிலை இறுக மூடிவைத்தான். அது வெடித்துக் கூரையில் அடித்தது. குண்டு விழுந்துவிட்டதென்று பக்கத்து வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில் புகுந்தார். அதன் பிறகு தேயிலையோடு நின்றுகொண்டான். புளிப்பும் லேசான இனிப்புமாக, நாக்கில் சுருக்கென்று ஏறும். நான் முதல் மிடறைத் துப்பினேன். இரண்டாவதை விழுங்கினேன். மூன்றாவதற்குச் சண்டை போட்டேன்.

அதை மோராக்கியவள் என் தங்கை. தோட்டத்து மாடுகள் எல்லாம் ராணுவத்தின் வயிற்றுக்குள் போய்விட்டன. மோர் இல்லாத கஞ்சி நம்மவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. அவள் அந்தப் புளித்த தண்ணீரில் உப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுக் கிழங்குக் கஞ்சியில் ஊற்றினாள். தோட்டமே பின்னால் வந்தது. பெண்கள் கிண்ணத்தோடு வந்து 'உறை' கேட்டார்கள். தயிருக்கு என்ன வழக்கமோ இதற்கும் அதே வழக்கம்: விளக்கு வைத்த பிறகு உறை கிடையாது. பொருள் சீனருடையது, சாஸ்திரம் மட்டும் நம்முடையது. ஜப்பான்காரன் சட்டத்தை மீறியவர்கள் உண்டு. இதை மீறியவர் ஒருவருமில்லை.

பிறகு சியாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். பக்கத்துத் தோட்டங்களில் போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஒரு பகல் எங்கள் தோட்டத்துக்கும் லாரி வந்தது. இளவட்டங்களை ஆபீஸ் முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி அரைகுறை மலாயில் கத்துவார். புரியாததை நான் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் நீயும் ஏறு என்று என்னிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

வெயிலில் கத்தியதில் அவருக்குத் தாகம். ஆபீஸ் பானையில் மச்சானுடைய 'மோர்' இருந்தது. ஒரு குவளை கொடுத்தேன். ஒரு வாய் குடித்து, மிளகாயைத் துப்பி, என்னை அறையக் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. குவளையை மோந்து பார்த்தார். மறுபடி குடித்தார். பிறகு கத்தலை விட்டுத் தம் சொந்த மொழியில், வீட்டில் பேசுவதுபோல் பேசினார். தம் தாய் இதைச் சமையலறை அலமாரியில் வளர்த்ததாகச் சொன்னார். எந்த மடையன் இதில் மிளகாய் போட்டான் என்று கேட்டார். கடைசியாக, "இதை வளர்ப்பவன் யார்? அவன் இங்கேயே இருக்கட்டும். நான் வாரம் ஒருமுறை வருவேன்" என்றார்.

மச்சான் வரிசையில் முன்னால்தான் நின்றான். குவளையைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு.

"என்னா கேக்குறான் மச்சான்?"

நான் அதிகாரியைக் குனிந்து வணங்கி, ஜப்பானிய மொழியில் "நான்தான்" என்றேன். மச்சானிடம் திரும்பி, "மொளகா காரமாம்" என்றேன்.

"அடுத்த தடவ ரெண்டு சேத்துப் போடுறேன்னு சொல்லு."

அவனை ஏற்றினார்கள். லாரி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டான்: "எனக்காக ஒரு வார்த்த பேசுனியா?"

"பேசினேன். கேக்க மாட்டேங்குறான்."

"சரி விடு. நீ என்னா பண்ணுவ. ஜாடிய வெயில்ல வெச்சிராத."

எனக்கு அந்தச் சனியனை வளர்க்கத் தெரியாது. தங்கைதான் வளர்த்தாள். அதிகாரி சொன்னபடி வாரந்தோறும் வந்து, மிளகாய் இல்லாமல் குடித்தார். அவர் மனம் குளிர்ந்தால் புருஷன் திரும்பி வருவான் என்று, வீட்டிலிருந்த கடைசி வெல்லத்தையும் அவள் அதில்தான் போட்டாள். கதவோரம் நின்று ஒவ்வொரு முறையும் சொல்வாள்: "அண்ணே, அவரப் பத்திக் கேளுங்கண்ணே."

கேட்டால் அவன் யார், என்ன வேலை செய்தான் என்று பேச்சு வளரும். உண்மை வெளியே வந்துவிடும். அதனால் நான் அதிகாரியிடம் ஜப்பானிய மொழியில், புளிப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பேன். சரியாக இருக்கிறது என்பார். நான் தங்கையிடம், "விசாரிக்கிறேன்னு சொல்றாரு" என்பேன். அவள் அவரைக் கும்பிடுவாள். அவரும் தேநீரை மெச்சியதற்குத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்துத் தலையாட்டுவார்.

சண்டை முடிந்து சியாமிலிருந்து திரும்பியவர்களில் ஒருவர், மச்சான் போன முதல் மழைக்காலத்திலேயே வாந்திபேதியில் செத்துப்போனான் என்றார். அப்படியானால் நாங்கள் விசாரித்துக்கொண்டிருந்த நாட்களில் பாதி, அவன் மண்ணுக்குள் இருந்திருக்கிறான். தங்கை ஜாடியைக் கொல்லையில் கவிழ்த்தாள். மறுபடி யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. சாகும்வரை என் வீட்டில்தான் இருந்தாள்.

சொந்தக்காரர்கள் கூடும் இடமெல்லாம் அந்தக் கதை வந்துவிடும். "எங்க அண்ணன் அந்த ஜப்பான்காரன் கால்ல விழாத கொறயா, அவன் பாஷையிலயே கெஞ்சுனாங்க. வாரா வாரம் விசாரிச்சாங்க. யாரு செய்வா இந்தக் காலத்துல" என்பாள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அதெல்லாம் ஒன்றும் பெரிதில்லை என்பதுபோல் கையை அசைப்பேன்.