சும்மா இருந்த டிரைவர்

எங்கள் டிப்போவில் அவனுக்கு 'ஹாரன்' என்றுதான் பெயர். பன்னிரண்டு வருஷமாக அவன் பஸ்ஸில் நான் கண்டக்டர்; என் காது பாதி போனதே அவனால்தான். சிக்னல் சிவப்பில் இருந்தாலும் அடிப்பான், முன்னால் வண்டியே இல்லாவிட்டாலும் அடிப்பான். வீட்டில் சாப்பாடு போடத் தாமதமானால், வெறும் தட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துவானாம். அவன் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தானே, அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். "இந்தப் பதட்டத்தை விடாட்டி அடுத்த தடவை நான் பொறுப்பில்ல. தினம் பத்து நிமிஷம் கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிங்க" என்றார்.

ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் கிடைக்கும் பத்து நிமிஷத்தில், சீட்டிலேயே கண்ணை மூடினான். முதல் வாரம் மூச்சு உள்ளே போவதற்குள் கை ஹாரனுக்குப் போனது. "இந்தக் கையை வெட்டிப் போடலாம்டா" என்றான், அழாத குறையாக. மறுபடியும் உட்கார்ந்தான். மூன்றாம் மாதம் ஒரு கார் குறுக்கே புகுந்தது. அவன் கை எழுந்தது, பாதியில் நின்றது, பேசாமல் கியருக்குத் திரும்பியது. நான் விசில் ஊத மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டிகள் வந்துபோகும் நேரம் குறிக்கும் டைம் கீப்பருக்குப் பொறுக்குமா? 'பணி நேரத்தில் தூங்கினார்' என்று மேலே எழுதிப் போட்டுவிட்டார். டிப்போ மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"தூங்கினேன், இனிமே கண்ணை மூட மாட்டேன்னு எழுதிக் குடு. இல்லேன்னா நாளையிலேருந்து வண்டி கழுவப் போ."

"தூங்கல சார். சும்மா இருந்தேன்."

"சும்மா இருக்கவா சம்பளம்?"

"அதே பத்து நிமிஷத்துல மத்தவங்க சிகரெட் பிடிக்கிறாங்க. அதுக்கு மெமோ உண்டா சார்? சும்மா இருக்கறது லேசுன்னு நெனச்சீங்களா? உக்காந்து பாருங்க, தெரியும்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. தூங்கினான்தானே?"

எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. பயந்தேன்தான்.

"அவன் தூங்கினா குறட்டை இந்த ரூம் வரைக்கும் கேக்கும் சார்" என்றேன்.

அவன் பேனாவை வாங்கி எழுதினான்: 'தூங்கவில்லை. சும்மா இருந்தேன். நாளையும் இருப்பேன்.'

மறுநாள் அவனை வண்டி கழுவ அனுப்பிவிட்டார்கள். பத்து மணிக்குக் குழாயை மூடினான். ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து கண்ணையும் மூடினான். டைம் கீப்பர் நோட்டோடு ஜன்னலுக்கு வந்தார். எனக்கு வந்ததே கோபம். டிரிப் முடிந்து குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு, இன்னொரு டயரை உருட்டி வந்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"ரெண்டு பேர்னு எழுதிக்கங்க சார்!"