எருதுகள் இழுத்த ஊர்

ஈபன் ட்ராஸ்க் அயோவா புல்வெளிக்கு வந்தபோது அவனிடம் இருந்தவை ஒரு குதிரை வண்டி, அது நிறையத் தகரப் பாத்திரம், அப்புறம் ஓயாத வாய். வெர்மான்ட் மலையில் கல்லோடு மல்லுக்கட்டிய குடும்பம். கல்லே இல்லாத கரிய மண்ணைக் கண்டதும் வண்டியை அவிழ்த்துவிட்டான். ஆற்றுத்துறை அருகே மரப்பலகையால் ஒரு கடை எழும்பியது. உப்பு, ஆணி, காப்பிக்கொட்டை, சீட்டித்துணி எல்லாம் அங்கே கிடைத்தன. கையில் காசில்லாதவர்கள் வெண்ணெயும் முட்டையும் கொடுத்துச் சாமான் வாங்கிப் போனார்கள்.

கடையில் வந்த லாபமெல்லாம் நிலமாயிற்று. அரசாங்கம் மலிவாக விற்ற புல்வெளியை வளைத்துப் போட்டு, காகிதத்தில் தெரு வரைந்து, மனை மனையாக விற்றான். "ரயிலு இந்தப் பக்கந்தான் வரும். ஆத்த விட்டுட்டு வேற எங்க போவும்?" என்பான். கொல்லன் லூமிஸ்தான் முதலில் நம்பி மனை வாங்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வாங்க, ட்ராஸ்க்வில் என்று ஒரு ஊரே உருவாகிவிட்டது.

ரயில் வந்தது. ஆனால் வடக்கே வெகுதூரம் தள்ளி, மேட்டோரமாகப் போய்விட்டது.

லூமிஸ் கடைக்குள் வந்து நின்றான். "யோவ் ட்ராஸ்க், ஒனக்கு ரயிலு ஊதுற சத்தம் கேக்குதா? எனக்கு எம்பொண்டாட்டி திட்டுற சத்தந்தான்யா கேக்குது."

லூமிஸ் போனபின் ட்ராஸ்க் தன் மனைவி ஹல்டாவிடம் மெல்லச் சொன்னான். "கன்சாஸுல புதுசா நிலம் குடுக்குறாங்களாம்."

"போங்க, நான் வரல," என்றாள் அவள், தராசிலிருந்து கண்ணெடுக்காமல். "இவங்க நம்புனது உங்க வாய. அந்த வாயக் கன்சாஸுக்குத் தூக்கிட்டுப் போனா இவங்க யாரப் போய்க் கேப்பாங்க?"

மறுநாளே ட்ராஸ்க் ரயில் நிலையம் இருந்த மேட்டுக்குப் போனான். அதையொட்டிய நிலம் டோர்க்கெல் என்ற நார்வேக்காரனுடையது. ஆற்றோரத்தில் தனக்கிருந்த ஓக் தோப்பைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களை நிறுத்தினான்.

"எங்கிட்ட மனை வாங்குன எல்லாருக்கும் அங்க ஒரு மனை. மனைக்கு மனை. வீட்டையும் அப்படியே இழுத்துட்டுப் போயிரலாம்."

"வீட்டுக்குக் காலு மொளைக்குமாய்யா?" என்றான் லூமிஸ். கூட்டம் சிரித்தது.

"எருதுக்கு இருக்குல்ல. மொதல்ல என் கடை போவட்டும். ஒடைஞ்சா என்னோடது ஒடையட்டும்."

பனி இறுகியதும் கடைக்கு அடியில் நீண்ட மரங்களைச் சறுக்குக் கட்டையாகக் கொடுத்து, அக்கம்பக்கத்து எருதுகளையெல்லாம் பூட்டினார்கள். பாதி வழியில் உறைந்த ஓடை ஒன்று குறுக்கிட்டது. கடை அதைக் கடக்கும்போது பனிக்கட்டி படீரென்று வெடித்தது. ஒரு மூலை தண்ணீருக்குள் இறங்க, எருதுகள் முட்டிபோட்டு விழுந்தன. என்ன இழுத்தும் கடை அசையவில்லை. ஆட்கள் எருதுகளை அவிழ்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள்.

ட்ராஸ்க் திரும்பவில்லை. சாய்ந்த வாசல் வழியாக ஏறி, அடுப்பை மூட்டிவிட்டு, வெளியே தலையை நீட்டிக் கத்தினான். "கடை தெறந்தாச்சு! உப்பு வேணும்னா இங்க வாங்க!"

ஹல்டா பீப்பாய்களைக் கயிற்றால் சுவரோடு கட்டிவைத்தாள். வேறு கடை ஏது? சனங்கள் ஓடைக்கு நடந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சாமான் வாங்கினார்கள். ஒருநாள் லூமிஸும் வந்தான்.

"என்னய்யா இது, எல்லா ஆணியும் ஒரே மூலைல கெடக்கு?"

"பொறுக்கிக்க. பொறுக்குற கூலி கெடையாது."

லூமிஸ் சிரித்துவிட்டான். கடும் குளிர் வந்து ஓடை அடிவரை உறைந்ததும், சங்கிலிகளோடும் நெம்புகோல்களோடும் அவனே ஆட்களைக் கூட்டி வந்தான். பனிக்கட்டியை உடைத்து மூலையை நெம்பித் தூக்கினார்கள். கடை கரையேறியது.

அந்தக் குளிர்காலம் முழுக்க வீடுகள் நகர்ந்தன. கொல்லுப்பட்டறை போயிற்று, கடைசியாகத் தேவாலயமும் போயிற்று. ஆற்றை விட்டு வரமாட்டோம் என்று ஒரு குடும்பம் மட்டும் தங்கிவிட்டது. அவர்கள் ட்ராஸ்க்கை மன்னிக்கவே இல்லை.

மனைகளையெல்லாம் கொடுத்துத் தீர்த்தபின் மேட்டில் ட்ராஸ்க்குக்கு மிஞ்சியது கடையும், அதன் பின்னால் ஒரு சதுப்புத் துண்டும்தான். ரயில் கம்பெனி புது ஊருக்கு வேறு யாருடைய பெயரையோ வைத்தது. மனைக்கு மனை மாற்றியதில் தன்னிடமே திரும்பி வந்த பழைய ஊரின் தெருக்களை அவன் உழுது மக்காச்சோளம் விதைத்தான். முதல் அறுவடையை ஏற்றிக்கொண்டு சரக்கு ரயில் ஊதியபோது, லூமிஸைப் பட்டறையிலிருந்து வெளியே கூப்பிட்டான்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. வழிய விடு, எனக்கு வேல கெடக்கு," என்றான் லூமிஸ்.